மூன்று கிலோ மாயக்கதை: ஆம்னிபஸ் காமிக்ஸ் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

என் அலமாரியில் ஒரே கதை இரண்டு புத்தகங்களாக இருக்கிறது. அட்டைப்படம் வேறு, பதிப்பகம் வேறு, விலையும் வேறு. உள்ளே மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதே படங்கள், அதே வசனங்கள். இரண்டாவதை வாங்கியபோது பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை. அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஆம்னிபஸ் சேர்ப்பதில் பாதிக்கு மேல் கற்றுக்கொண்ட மாதிரிதான். மீதி எல்லாம் நம்ம ஊர் வெயிலையும் ஈரத்தையும் பற்றியது.

அமெரிக்கக் காமிக்ஸ் முதலில் மாதம் ஒன்றாக, இருபது முப்பது பக்கத்தில் மெல்லிய இதழாக வரும். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவார்கள். அப்படிப் பல தொகுப்புகளில் வந்ததை ஒரே கனத்த புத்தகமாக அடித்தால் அது ஆம்னிபஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். நெல்லை வண்ணார்பேட்டையில் ராத்திரி நாம் சென்னைக்கு ஏறுகிற ஆம்னி பஸ்ஸும் இதே சொல்தான். தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் இதை அழகாகக் ‘குண்டு புக்’ என்பார்கள். வடக்கே சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று தொடங்கியவை நம் பக்கத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. ‘இரத்தப் படலம்’ 18 பாகங்களும் 2010இல் ஒரே புத்தகமாக வந்தபோது அதைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்குக் குண்டு புக்கின் ருசி தெரியும். ஒரு நீண்ட கதை முழுசாக மடியில் கிடக்கிறது, அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற நிம்மதி இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இங்கே நான் எழுதுவது மாயக்கதை (ஃபேன்டஸி) நாவல் தொடர்களில் இருந்து வரைந்த காமிக்ஸ்களின் ஆம்னிபஸ் பற்றி மட்டும். சூப்பர் ஹீரோ புத்தகங்களை விட இதில் ஒரு சிக்கல் கூடுதல். கதை ஏற்கெனவே நாவலாக இருக்கிறது. காமிக்ஸ் அதில் எதுவரை வந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஒரே ஒரு கதை

பத்துத் தொடரை ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் முதல் நாவலையாவது வாசித்துவிடுங்கள். நாவலின் சாதாரணப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆம்னிபஸ் ஆயிரக்கணக்கில் போகும். கதை பிடிக்காமல் போனால் நாவலோடு நஷ்டம் முடிந்துவிடும்.

அடுத்து, காமிக்ஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான தழுவல்கள் கடைசி நாவல் வரைக்கும் போவதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்கினால் மனவருத்தம் இல்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996இல் வந்த நாவல். அதை டேனியல் ஆபிரகாம் எழுத, டாமி பேட்டர்சன் வரைய, 2011 முதல் 2014 வரை 24 இதழ்கள் வந்தன. அவை 4 தொகுப்புகள். ஒரு நாவலுக்கே நான்கு புத்தகம் என்றால் முழுத் தொடருக்கும் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது நாவலுக்கு 2017இல் வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். ஆக, முகங்களும் மாறிவிட்டன. ஒரே கதாபாத்திரம் அடுத்த புத்தகத்தில் வேறு ஆளாகத் தெரிந்தால் சிலருக்குப் பெரிய விஷயமில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 நாவல்கள், அவற்றுக்கு முன்கதையாக ஒன்று. காமிக்ஸில் முழுசாக வந்தது அந்த முன்கதையும் முதல் நாவலும்தான். முன்கதை 2005இல் தொடங்கி ஐந்து இதழோடு நின்று, சில ஆண்டுகள் கழித்துத்தான் மீதி மூன்றும் வந்தன. முதல் நாவல் 35 இதழ்கள், 6 தொகுப்புகள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் நாவலில் அந்தக் கிராமத்துப் பையன்கள் ஊரை விட்டுக் கிளம்பும் பகுதியைப் படமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்த ஆறும் போதும். முழுத் தொடரும் ஓவியமாகக் கிடைக்கும் என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டம்: எந்த நாவல், அதற்கு எந்தத் தலைப்பில் எத்தனை இதழ், அவை எந்தத் தொகுதியில் இருக்கின்றன, என்னிடம் இருக்கிறதா. செல்போனில் வைத்துக்கொண்டாலும் சரி, ஆனால் கடையில் நிற்கும்போது உடனே எடுக்க முடிய வேண்டும்.

இந்தக் கட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு ஸ்டீபன் கிங்கின் ‘தி டார்க் டவர்’ நல்ல உதாரணம். நாவல் தொடரின் முதல் புத்தகம் 1982. ஆனால் மார்வெல் 2007இல் காமிக்ஸைத் தொடங்கியது அதிலிருந்து அல்ல. 1997இல் வந்த நான்காவது நாவலில் நாயகன் தன் இளமைக் காலத்தைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதை எடுத்து 7 இதழ்களாக்கினார்கள். கதைத் திட்டம் ராபின் ஃபர்த், வசனம் பீட்டர் டேவிட், ஓவியம் ஜே லீ, வண்ணம் ரிச்சர்ட் இசனோவ். அந்த ஏழும் நாவலில் இருப்பவை. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பகுதி நாவல்களில் ஆங்காங்கே ஒரு வரி இரண்டு வரியாகச் சொல்லிப் போனதை விரித்து எழுதியவை. 7, 5, 6, 1, 6, 5 என்று எண்ணினால் முதல் சுற்றில் மொத்தம் 30 இதழ். நடுவில் இருக்கும் அந்த ‘1’ தனி இதழ். தனித்தனியாகச் சேர்க்கிறவர்கள் தவறவிடுவது அதைத்தான்.

2010 முதல் 2013 வரை இன்னொரு 30 இதழ் வந்தது. இதில்தான் முதல் நாவல் இருக்கிறது. 2014இல் தொடங்கிய மூன்றாவது சுற்று இரண்டாம் நாவலை எடுத்துக்கொண்டது. ஆக, காமிக்ஸ் வரிசையில் முதலில் நாலாவது நாவலின் நடுப்பகுதி, அப்புறம் முதல் நாவல், அப்புறம் இரண்டாவது. நாவலை வாசிக்காமல் நேராகக் காமிக்ஸுக்கு வருகிறவர்களுக்கு இது காலவரிசையில் நேராகப் போகும் கதை. வாசித்தவர்களுக்கு, முன்பு ரகசியமாக இருந்தது முதலிலேயே திறந்து கிடக்கும். இரண்டு அனுபவமும் நல்லதுதான், ஆனால் எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

மார்வெல் 2011இல் முதல் 30 இதழ்களையும் ஆம்னிபஸ்ஸாகப் போட்டது, ஒரே உறைக்குள் இரண்டு புத்தகம். பிறகு கேலரி 13 என்ற பெயரில் வேறு பதிப்பகம் இதே காமிக்ஸை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. பெயரும் அட்டையும் மாறினாலும் கதை அதுவே. நோட்டில் கட்டம் இருந்தால் இதெல்லாம் குழப்பாது.

டிரிஸ்ட் என்ற நாயகனின் கதைகளிலும் வரிசைக் குழப்பம் உண்டு. ஆர். ஏ. சால்வடோர் 1988இல் எழுதிய நாவல் முதலில் வந்தது. நாயகனின் பிறப்பும் வளர்ப்பும் சொல்லும் நாவல் 1990இல்தான் வந்தது. காமிக்ஸ் 2005இல் அந்தப் பிறப்புக் கதையிலிருந்து தொடங்கியது. முதலில் வெளியிட்டது டெவில்ஸ் டியூ. பின்னர் ஐடிடபிள்யூ அவற்றை மூன்று மூன்று நாவலாகத் தொகுத்து ஆம்னிபஸ் ஆக்கியது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதன் முதல் தொகுதியைத்தான். மூன்று நாவலும் ஒரு முழு வட்டமாக முடிகின்றன, அந்தரத்தில் விடுவதில்லை.

மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகள் இன்னும் பழையவை. ராய் தாமஸ் எழுத, 1983இல் அவற்றின் காமிக்ஸைப் பசிபிக் காமிக்ஸ் தொடங்கியது. அந்தப் பதிப்பகம் மூடியதும் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் தொடர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து டைட்டன் அவற்றை ‘மைக்கேல் மூர்காக் நூலகம்’ என்ற வரிசையில் கெட்டி அட்டையில் மீட்டது. ஓவியர் பி. கிரெய்க் ரஸ்ஸலின் கோடுகளுக்காகவே அவற்றைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பொடி எழுத்து வரி. பின்னட்டையின் அடியிலோ, உள்ளே பதிப்புரிமைப் பக்கத்திலோ ‘கலெக்டிங்’ என்று தொடங்கி எந்தத் தலைப்பில் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று போட்டிருக்கும். அட்டையில் ‘முழுமையான’ என்று இருக்கட்டும், ‘ஆம்னிபஸ்’ என்று இருக்கட்டும், நம்ப வேண்டியது இந்த வரியை மட்டுமே. ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். கூடவே 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள். கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லிய அட்டைக்கு வேறு எண்.

எல்லா ஆம்னிபஸ்ஸும் ஒரே அளவு இல்லை

மார்வெலும் டிசியும் ஆம்னிபஸ் என்று சொன்னால் சாதாரண இதழை விடப் பெரிய அளவில், கெட்டி அட்டையில், மேலுறையோடு வரும் புத்தகம். தூக்கினால் மூன்று கிலோ இருக்கும். டார்க் ஹார்ஸ் பதிப்பகம் பல ஆண்டுகளாக ஆம்னிபஸ் என்று போட்டது சாதாரண இதழை விடச் சிறியதாக, மெல்லிய அட்டையில், சுமார் 400 பக்கம். அவர்களிடம் பெரிய அளவு வேண்டுமென்றால் ‘லைப்ரரி எடிஷன்’ என்று தேட வேண்டும். ஜப்பானியக் காமிக்ஸான மாங்காவில் ஆம்னிபஸ் என்றால் இரண்டு மூன்று பாகங்களின் சேர்க்கை, அவ்வளவுதான். ஆகவே ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் நீள அகலத்தைப் படியுங்கள்.

சின்ன அளவு மட்டம் என்று சொல்லமாட்டேன். வசனம் அதிகமான கதையைச் சின்ன அளவில் படிக்கக் கண் வலிக்கும். ஆனால் ரயிலில் படிக்க அதுதான் சுகம். போர்க்களமும் மலையும் கோட்டையுமாக இரண்டு பக்கம் விரியும் ஓவியங்கள் உள்ள கதைக்குப் பெரிய அளவு வேண்டும்.

தையலா, பசையா

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளுக்குக் காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். என்னுடைய முதல் கனத்த புத்தகம் முதுகு விட்டுப் போனபோது அவரிடம்தான் எடுத்துப் போனேன். அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, மேல் விளிம்பை மட்டும் பார்த்தார்.

“தலைமாட்டுல பாருங்க தம்பி. ஃபாரம் ஃபாரமா வளைஞ்சு தெரிஞ்சா தையல். வெட்டுன கட்டு மாதிரி நேரா இருந்தா வெறும் பசைலா. இது வெறும் பசை. இவ்வளவு வெயிட்ட பசை எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

அன்றிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன். தையல் போட்ட புத்தகத்தில் 16 பக்கம் போல ஒரு ஃபாரமாக மடித்து, நூல் கோத்து, அப்புறம் பசை வைத்திருப்பார்கள். விரித்தால் மேசையில் சமமாகப் படியும், நடு இடுக்கில் ஓவியம் புதைந்து போகாது. வெறும் பசையில் விரித்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், விட்டால் மூடிக்கொள்ளும். ஆயிரம் பக்கத்துக்குப் பக்கமாக இருந்தால் தையல் இல்லாததை நான் வாங்குவதில்லை. 300, 400 பக்கம் என்றால் பசையும் பரவாயில்லை, பதமாகத் திறந்து படித்தால் நிற்கும்.

பிய்ந்ததை மறுபடி பைண்டிங் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் ஓரம் வெட்டுவார்கள். காமிக்ஸில் படம் விளிம்பு வரைக்கும் இருக்கும், வெட்டினால் படம் போய்விடும். ‘ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்குவது

100 டாலர் விலை போட்ட புத்தகம் பட்டியல்படி எட்டாயிரம் ரூபாயைத் தாண்டும். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி வந்தது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் எடையால் அஞ்சல் செலவே பயமுறுத்தும். அதனால் இந்தியாவுக்குள் கையிருப்பு வைத்திருப்பவரிடம் வாங்குவதே மலிவு.

ஆம்னிபஸ் பொதுவாக ஒரு முறை அச்சிட்டு, தீர்ந்ததும் நின்றுவிடும். நின்றதும் கைமாற்று விலை இரண்டு மடங்காகும். மறுபதிப்பு வந்ததும் அந்த விலை இறங்கும். ஆகவே ‘அச்சில் இல்லை’ என்று யாராவது அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். அதே கதை சின்னத் தொகுப்புகளாக இருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். பல நேரம் அது பாதி விலையில் முடியும்.

பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு சுற்று போய் வாருங்கள். அங்கே பெரும்பாலும் தமிழ்ப் புத்தகங்கள்தான். வெளிநாட்டு ஆம்னிபஸ் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் ஆங்கிலப் புத்தகம் போடும் கடைக்காரரிடம் ஐஎஸ்பிஎன் எண்ணை எழுதிக் கொடுத்துச் சொல்லிவையுங்கள். ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சிக்குப் போகிற உறவினர் இருந்தால் அவர் கையிலும் அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

பார்சல் வந்ததும்

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதுதான் சாட்சி. பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஃபாரம் மாறிக் கட்டியிருக்கிறதா, பக்கம் இரட்டித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் கடந்த பிறகு 600ஆம் பக்கத்தில் தெரிந்து பயனில்லை.

புதுப் புத்தகத்தை நடுவில் படக்கென்று பிளக்காதீர்கள். முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முன்னட்டையை ஒரு பக்கமும் பின்னட்டையை மறுபக்கமும் சாய்த்துவிடுங்கள். முன்னால் கொஞ்சம் பக்கம், பின்னால் கொஞ்சம் பக்கம் என்று மாறி மாறி இறக்கி, மெல்ல விரலால் நீவி, நடுவுக்கு வாருங்கள். பத்து நிமிட வேலை. புத்தகத்தின் ஆயுள் அதில் இருக்கிறது.

நம்ம ஊரில் வைத்துக் காப்பது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நான் சிந்துபூந்துறையில் குடியிருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. எடை அதிகம் என்பதால் கனத்த புத்தகங்களை எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் வைப்போம். மேல்தட்டில் இருந்த நாவல்கள் தப்பின. நனைந்த நாவல்களில்கூடச் சிலவற்றை விசிறிக்கு அடியில் விரித்து வைத்துக் காயவைக்க முடிந்தது, தாள் நெளிந்தாலும் எழுத்து இருக்கிறது. காமிக்ஸ் அப்படி இல்லை. வழவழப்பான ஆர்ட் தாளின் மேல் ஒரு பூச்சு உண்டு. நனைந்து, மூடியபடியே காய்ந்தால் அந்தப் பூச்சு பசையாகிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளில் இரண்டு ஆம்னிபஸ்ஸும் செங்கல் ஆகிவிட்டன. கத்தி வைத்துப் பிரித்தாலும் படம்தான் உரிந்து வந்தது.

அதிலிருந்து கற்றது இது. ஆற்றுக்குப் பக்கத்திலோ தாழ்ந்த தெருவிலோ வீடு இருந்தால் கீழ்த்தட்டு காலியாக இருக்கட்டும். கனமானவை இடுப்பு உயரத்தில். ஆர்ட் தாள் நனைந்தால் மூடியபடி காய விடக் கூடாது. ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாளோ பாலிதீனோ செருக வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் பாலிதீன் உறையில் சுற்றி, கரண்ட் இருக்கும் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். கெட்டுப்போகாமல் அவகாசம் கிடைக்கும்.

வெள்ளம் வராத வருஷங்களில் எதிரி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கும். அலமாரியைச் சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். இரும்பு பீரோ கரையானுக்கு நல்லது, ஆனால் மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மாதம் ஒரு முறை திறந்து காற்று விடுங்கள். சித்திரை வெயில் மேற்கு ஜன்னல் வழியாக முதுகில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம், நானும் வைக்கிறேன். வேப்பிலை போடுவதாக இருந்தால் சருகாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

நிறுத்தி வைத்தால் இரண்டு பக்கமும் அணைப்பு இருக்க வேண்டும், சாய்ந்து நிற்கக் கூடாது. சாய்ந்தால் உள்கட்டு தன் எடையாலேயே முதுகைப் பிய்த்து இறங்கும். படுக்க வைத்தால் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். தச்சரிடம் அலமாரி செய்யச் சொல்லும்போது தட்டின் நீளம் இரண்டு அடிக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று அடித் தட்டு இரண்டே வருஷத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது என் வீட்டில்.

படிக்கும்போது மடியில் ஒரு தலையணை போட்டு அதன் மேல் வையுங்கள். கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. கறுப்புப் பக்கங்கள் உள்ள கதையில் விரல்ரேகை அப்படியே பதியும். ஒரு நாளைக்கு மூன்று இதழ் அளவு என்று நான் வைத்திருக்கிறேன். 30 இதழ் உள்ள ஆம்னிபஸ் பத்து நாள் வரும். பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டால் வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன். இப்போது அவன் சனிக்கிழமை தோறும் வருகிறான், டிரிஸ்ட் இரண்டாவது தொகுதியில் இருக்கிறான்.